விளையாடிப் பார்த்த பொருள்: சிறுதேர் முதல் சென்னபட்டணம் வரை

பொம்மையை விலைபேசி வாங்குபவர் பெரியவர். அதைக் கடிப்பதும், எறிவதும், சுவரில் அடித்துப் பார்ப்பதும் குழந்தை. வீட்டு நாய்க்கு வாங்கும் ரப்பர் பந்தின் கதையும் இதுவே. பணம் கொடுப்பவருக்கு அந்தப் பொருளோடு விளையாட நேர்வதில்லை. விளையாடும் உயிருக்குக் கடைக்குப் போய்ப் புகார் சொல்லத் தெரியாது. வேறெந்தப் பண்டத்திலும் வாங்குபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இவ்வளவு இடைவெளி கிடையாது. அந்த இடைவெளியை யார், எப்படி நிரப்பினார்கள் என்பதே விளையாட்டுச் சாமான்களின் உண்மையான வரலாறு என்று கருதுகிறேன்.

நம் ஆய்வாளர்கள் பொம்மைகளைக் கலைப்பொருளாகவோ, கொலுப்படியின் சமயப் பொருளாகவோ, கைவினைஞரின் வாழ்வாதாரமாகவோ எழுதியிருக்கிறார்கள். குழந்தை அதை வைத்து என்ன செய்தது, அதைப் பார்த்த தச்சர் அடுத்த பொம்மையில் எதை மாற்றினார் என்ற கோணம் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. செய்பவரும் விளையாடுபவரும் ஒரே தெருவில் வாழ்ந்த காலத்தில் சோதனை தானாகவே நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலையும் துறைமுகமும் நடுவே வந்தபோது அது அறுந்தது. இன்றைய ஆய்வகங்கள் அதில் பாதியை மட்டும் மீட்டிருக்கின்றன. இந்தப் போக்கைத் தமிழ் வீடுகளின் விளையாட்டுச் சாமான்களையும் கர்நாடகத்துச் சென்னபட்டணத்தின் கடைசல் மரபையும் கொண்டு இக்கட்டுரை பின்தொடர்கிறது.

தச்சர் வீட்டுப் பிள்ளைகள்

கீழடியில் கிடைத்த விளையாட்டுப் பொருள்களில் சுடுமண் வட்டச் சில்லுகள் ஏராளம். பகடையும் ஆட்டக்காய்களும்கூடக் கிடைத்தன. உடைந்த பானையோட்டை எடுத்து, அதன் விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் அவை. உடைந்த ஓட்டின் முனை கையைக் கிழிக்கும். தேய்த்தபின் கிழிக்காது, நன்றாகவும் வழுக்கிச் செல்லும். பாதுகாப்பும் விளையாட்டின் சுகமும் ஒரே வேலையில் கிடைத்துவிடுகின்றன. பிற்காலப் பொம்மை வடிவமைப்பில் இந்த இரண்டும் பிரிந்துபோனதால் நேர்ந்த கேடுகளைப் பார்க்கும்போது, இந்தச் சில்லு எனக்கு மிக முக்கியமான சான்றாகப் படுகிறது.

இலக்கியச் சான்று இன்னும் நேரடியானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு பாட்டுகளிலும் குழந்தையின் தேர் வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டுகிறார்கள். உலர்த்திய தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் வீசிய காதணி அந்தச் சக்கரத்தின் வழியை மறிக்கிறது. ஊரின் செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் இதைச் சொல்கிறார். ஆனால் சிறிய சக்கரம் சிறிய தடையிலும் நின்றுவிடும் என்ற உண்மையை விளையாடும் பிள்ளையைக் கவனித்த கண்தான் பார்த்திருக்க முடியும். பெரும்பாணாற்றுப்படையில் வருவது இதைவிட நுட்பமான செய்தி. அங்கே வரும் தேர் தச்சருடைய பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்யப்பட்டது. ஏறி ஊர்வதற்கானதன்று, உருட்டுவதற்கானது. அதை உருட்டித் தளர்ந்த குழந்தைகள் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குகிறார்கள்.

தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு மரச்சாமான் புதிதல்ல. பட்டறையில் சிந்திய துண்டுகளோடு நாள் முழுவதும் புழங்குகிற பிள்ளை அது. அந்தப் பிள்ளையே கேட்டு அழும் தேர் என்றால், அது மிகக் கடுமையான தேர்வில் தேறிய தேர். பொருளைப் புகழப் புலவர் தேர்ந்துகொண்ட அளவுகோல் மரத்தின் விலையோ செதுக்கலின் அழகோ அல்ல, குழந்தையின் விருப்பம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டில் பயனரே நடுவராக நிற்பதை நம் வடிவமைப்புப் பள்ளிகள் பாடமாகவே வைக்கலாம்.

பிள்ளைத்தமிழ் மரபு இதற்கு வயதுக் கணக்கைச் சேர்த்தது. செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தையின் உடல் வளர்ச்சியை ஒட்டிப் பருவங்கள் அடுக்கப்படுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். தலை நிமிர்த்தி ஆடும் குழந்தைக்குச் செங்கீரை. கை தட்டத் தெரிந்த குழந்தைக்குச் சப்பாணி. ஓடத் தெரிந்த பிறகே பறையும் தேரும். இன்று பொம்மைப் பெட்டியின் மூலையில் 3 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று அச்சிடும் எச்சரிக்கையின் அடிப்படையும் இந்த வரிசை அறிவுதான்.

நடைவண்டியும் வாக்கரும்

வீட்டுப் புழக்கத்தில் தேறி வந்த பொருள்களில் நடைவண்டியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மூன்று மரச்சக்கரம், குழந்தையின் மார்பளவுக்கு ஒரு கைப்பிடி, நடுவில் இணைக்கும் கட்டைகள். உட்கார இடம் கிடையாது. குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளினால்தான் வண்டி நகரும். நின்றால் வண்டியும் நிற்கும். விழுந்தால் உட்கார்ந்த வாக்கில் விழும்.

இருபதாம் நூற்றாண்டில் பரவிய துணி இருக்கை வைத்த சக்கர வாக்கரோ குழந்தையைத் தொங்கவிட்டு, கால்விரல் நுனியால் உந்தவைக்கிறது. நிற்கவே பழகாத குழந்தைக்கு ஓடும் வேகம் கிடைக்கிறது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பெருகியதால் 2004-இல் கனடா இதன் விற்பனையையும் இறக்குமதியையும் விளம்பரத்தையும் தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதைத் தடை செய்யச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறது. வாக்கர் பெற்றோருக்கு வசதி: குழந்தை சமர்த்தாக அதற்குள் கிடக்கும், அடுப்படி வேலை நடக்கும். பொருளை வடிவமைத்தவர் யாருடைய தேவையைப் பார்த்தார் என்பது இதிலேயே தெரிகிறது.

நடைவண்டியும் குறையற்றதல்ல. சாணம் மெழுகிய மண்தரையில் மரச்சக்கரம் மெல்ல உரசி உருளும். அந்த உரசலே தடைக்கட்டை. மொசைக்கும் டைல்ஸும் போட்ட தரையில் அதே வண்டி குழந்தையை முந்திக்கொண்டு ஓடுகிறது. தரை மாறியது, வண்டி மாறவில்லை. சக்கரத்துக்கு ரப்பர் பட்டை போட்டால் தீரும் சிக்கல்தான் இது. தெருத் தச்சர் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் புகார் அவர் காதுக்கு எட்டியிருக்கும்.

மரப்பாச்சி, பனையோலைக் கிலுகிலுப்பை, பம்பரம், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் என்று இந்த வரிசை நீளும். செம்மரத்தில் செய்த மரப்பாச்சியைக் குழந்தை வாயில் வைக்கும் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள்; சாயம் பூசாத மரம் அது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் கனமெல்லாம் அடியில் இருப்பதால், எத்தனை முறை தள்ளினாலும் எழுந்துவிடும். 2008-09-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளைக் கீழே தள்ளுவது குழந்தையின் இயல்பு. அந்த இயல்பையே விளையாட்டாக்கிய வடிவம் இது.

வெட்பாலையும் அரக்கும்

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது சென்னபட்டணம். கன்னடத்தில் பொம்மைகளின் ஊர் என்றே பெயர் பெற்றது. திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து உள்ளூர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார் என்பது ஊர் வழங்கும் செய்தி. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொம்மைத் தொழில்நுட்பத்தை இங்கே புகுத்திய பவாஸ் மியானைச் சென்னபட்டணப் பொம்மையின் தந்தை என்கிறார்கள். அரசவைக் கொடையாகத் தொடங்கிய கலை, இவர் காலத்தில்தான் குழந்தைகளின் கைக்கு வந்தது என்பதால், திப்புவைவிட பவாஸ் மியானே என் பார்வையில் இந்த வரலாற்றின் நாயகர்.

சென்னபட்டணத்தின் மூலமரம் வெட்பாலை. தந்தம்போல் வெளுத்த, இழை நெருக்கமான, சிலாம்பு எளிதில் பெயராத மரம். வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் உலர வைத்துத்தான் கடைசலுக்கு எடுப்பார்கள்; ஈரம் இருந்தால் பொம்மை பின்னால் வெடிக்கும். துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு உளியால் வடிவம் எடுக்கிறார்கள். அடுத்துச் சாயம் பிசைந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தின் மேல் படர்கிறது. கடைசியில் தாழை மடலை வைத்துத் தேய்க்க, அரக்கு ஒரே சீராகப் பரவிக் கண்ணாடிபோல் மின்னுகிறது. தூரிகையும் இல்லை, மண்ணெண்ணெய் வாடையடிக்கும் வார்னிஷும் இல்லை. அரக்கு பூச்சி தரும் பிசின். பழைய முறையில் மஞ்சளும் அவுரியும் குங்குமமும் நிறம் தந்தன.

இதில் வடிவமைப்பு வரலாற்றுக்கு வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. சுழலும் மரத்தில் உளி வைத்தால் உருண்டையும் உருளையும் கூம்பும்தான் வரும். கூரிய மூலை வராது. தொழிலின் எல்லையே குழந்தைக்குக் காவலாகிவிட்டது. சென்னபட்டணத்துக் குதிரையைப் பாருங்கள்: உடம்பு ஓர் உருளை, தலை ஒரு முட்டை, சக்கரம் ஒரு வட்டு. பச்சிளங்குழந்தையின் முழுக்கையும் பற்றிக்கொள்ளும் அளவு. ஆனால் காதும் வாலும் கண்ணும் தனியாகக் கடைந்து ஒட்டிய துண்டுகள். ஆபத்து எப்போதும் இந்த ஒட்டுகளில்தான் குடியிருக்கும். தேர்ந்த கைவினைஞர் காதைத் துளையில் இறுக்கி அறைவார். அவசரக்காரர் பசை தடவி ஒட்டுவார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குழந்தையின் பல்லுக்குத்தான் வேறுபாடு தெரியும்.

வில்லும் கயிறும் கொண்டு இழுத்துச் சுழற்றிய பட்டறைக்கு மின்மோட்டார் வந்ததும் உற்பத்தி பெருகியது. மைசூர் அரசின் மின்சாரக் கதை என் ஊரான தங்கவயலிலிருந்தே தொடங்குகிறது. சிவசமுத்திரத்து அருவியில் எடுத்த மின்சாரம் 147 கி.மீ. கம்பியில் பயணித்து 1902-இல் முதலில் வந்து சேர்ந்தது கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூருத் தெருவிளக்குகளே 1905-இல்தான் எரிந்தன. தங்கம் தோண்டுவதற்காகப் போட்ட கம்பித்தடத்தின் தொடர்ச்சியாகவே மைசூர் நாட்டின் சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் மின்சாரம் படிப்படியாகப் போனது.

சென்னபட்டணப் பொம்மைக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே வெட்பாலையில் இதே அரக்கு வேலை செய்யும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவில், ரசாயனச் சாயத்தால் தொழில் நொடித்தபோது சி.வி. ராஜு விதை, வேர், பட்டை, இலைகளிலிருந்து சாயம் எடுக்கும் முறைகளை மீட்டெடுத்தார். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கைவினை மரபுக்குள்ளிருந்தே எழுந்த சோதனை முயற்சி என்ற வகையில் அவருடைய பணி தனி ஆய்வுக்கு உரியது.

குழந்தையைக் கவனித்தவர்கள்

மேலைநாட்டில் இந்தக் கவனிப்பு ஒரு முறையாக வளர்ந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது, விலையுயர்ந்த பொம்மைகளும் அங்கே இருந்தன. குழந்தைகள் அவற்றைத் தொடவில்லை. அவர் செய்து வைத்த மர உருளைகளையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். குழந்தைகள் தேர்ந்தெடுக்காத கருவிகளை அவர் விலக்கினார். எஞ்சியவையே இன்று உலகெங்கும் இருக்கும் மாண்டிசோரிக் கருவிகள். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் திரும்ப முடியாமல் அடையாறிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அவருடைய உருளைக் கட்டை முழுக்கக் கடைசல் வேலை. ஒரு கட்டையில் பத்துக் குழி. குமிழ் வைத்த பத்து உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும். குமிழை மூன்று விரலால் பிடிக்கும் பழக்கம் பிறகு பென்சில் பிடிக்க உதவும். சென்னபட்டணத்துக் கைக்கும் அடையாறில் அவர் கற்றுக்கொடுத்த முறைக்கும் இடையே வலுவான பாலம் அன்றே அமைந்திருந்தால் இந்தியப் பொம்மையின் வரலாறு வேறு திசையில் போயிருக்கும். அது நடக்காதது பெரிய இழப்பு.

அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 1961-இல் தன் வளாகத்திலேயே ஒரு விளையாட்டு ஆய்வுக்கூடம் தொடங்கியது. குழந்தைகள் மாதிரிப் பொம்மைகளோடு விளையாட, வடிவமைப்பாளர்கள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்தார்கள். தெருத் தச்சர் திண்ணையிலிருந்து பார்த்ததை ஒரு பெருநிறுவனம் பணம் செலவழித்து மறுபடி உருவாக்கியது. இந்தியாவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சுதர்சன் கன்னா, திருவிழாக்களில் விற்கும் நாட்டுப் பொம்மைகளைச் சேகரித்து, அவற்றின் இயக்கத்தை வரைந்து விளக்கினார். அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்து காட்டினார். அவருடைய நூல்கள் பல இந்திய மொழிகளுக்குப் போயின. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். குழந்தை தானே செய்து, உடைத்து, மறுபடி செய்யும் பொம்மையில் வாங்குபவர், பயன்படுத்துபவர் என்ற பிரிவே இருக்காது. குப்தாவின் பணியில் எனக்குப் பிடித்தது இதுதான்.

2001-க்குப் பிறகு

2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 1-இல், நுகர்பொருள் இறக்குமதியின் மேலிருந்த அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தொகுதியை இந்திய அரசு நீக்கியது. மலிவான சீன பிளாஸ்டிக் பொம்மைகள் திருவிழாக் கடைகளையும் ரயிலடிக் கடைகளையும் நிரப்பின. சென்னபட்டணத்துப் பட்டறைகள் பல ஓய்ந்தன. பொம்மை செய்தவர் எந்த ஊர், எந்தப் பட்டறை என்று சொல்ல முடியாத நிலை வந்தது.

அப்போதுதான் சோதனை இல்லாததன் விலை தெரிந்தது. 2007-இல் மாட்டெல் நிறுவனம் சீனாவில் செய்த இலட்சக்கணக்கான பொம்மைகளைக் காரீயச் சாயத்துக்காகத் திரும்பப் பெற்றது. 2009 ஜனவரியில் இந்தியா சீனப் பொம்மைகளுக்கு ஆறு மாதத் தடை போட்டு, சில வாரங்களில் நிபந்தனைகளோடு தளர்த்தியது. 2019-இல் இந்தியத் தரக் குழுமம் செய்த ஆய்வில் இறக்குமதிப் பொம்மை மாதிரிகளில் 66.9 சதவீதம் பாதுகாப்புச் சோதனையில் தோற்றன. 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. இறக்குமதி வரியும் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, பிறகு 70 ஆனது.

ஐ.எஸ். 9873 என்ற தரவிதியின் சோதனைகள் நேர்த்தியானவை. அவற்றில் ஒரு சிறிய உலோகக் குழாய் இருக்கிறது. உள்விட்டம் 31.7 மி.மீ.; அடி சாய்வானது, ஆழம் 25.4 மி.மீ. தொடங்கி 57.1 மி.மீ. வரை. 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டைக்கு ஈடாக வைத்த அளவு அது. பொம்மையை உயரத்திலிருந்து போட்டு, முறுக்கி, இழுத்துப் பார்த்தபின் பெயர்ந்த துண்டு அந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கினால் பொம்மை தோற்றது. இன்னொரு சோதனையில் சாயத்தைச் சுரண்டி, வயிற்று அமிலத்தை ஒத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரி சூட்டில் ஊறவைத்து, காரீயம், காட்மியம், பாதரசம் உள்ளிட்ட எட்டுத் தனிமங்கள் எவ்வளவு கரைகின்றன என்று அளக்கிறார்கள். காரீயத்துக்கான வரம்பு கிலோவுக்கு 90 மில்லிகிராம். குழந்தையின் தொண்டையும் வயிறும் இப்படி ஆய்வகத்துக்குள் வந்துவிட்டன. இது பெரிய முன்னேற்றம். இதை எதிர்ப்பவர்கள் குழந்தைகளின் பக்கம் நிற்கவில்லை.

ஆனால் குழந்தையின் விருப்பம் அந்த ஆய்வகத்துக்குள் வரவில்லை. ஒரு பொம்மை நஞ்சற்றது, தொண்டையில் சிக்காது என்று சான்றிதழ் சொல்லும். குழந்தை அதை இரண்டாம் நாளும் எடுக்குமா என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் 2020 டிசம்பரில் இந்த ஆணையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். சிறு பட்டறைகளைக் காப்பாற்ற அது தேவைதான். சோதனைச் செலவைச் சிறு பட்டறையின் தலையில் சுமத்த முடியாது என்பது சரி; அதற்காகச் சோதனையே வேண்டாம் என்பது தவறு. மஞ்சள் சாயத்தில் பிசைந்ததா, கடையில் வாங்கிய ரசாயன மஞ்சளில் பிசைந்ததா என்று வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. விலக்கு கொடுத்த அரசு, அரசுச் செலவில் சோதனைக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். மரபுக்குக் காட்டும் உண்மையான மரியாதை அதுவே.

வாயில்லா ஜீவன்

14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று சட்டம் எல்லை வகுத்ததால், நாய்க்கும் பூனைக்கும் விற்கும் விளையாட்டுப் பொருள்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. அதே சாயம், அதே பிளாஸ்டிக், அதே ஒட்டுக்கண். சோதனை மட்டும் கிடையாது. குழந்தைத் தொண்டையின் அளவில் செய்த குழாய் ஒரு லாப்ரடாரின் தொண்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பூனையின் நாக்கில் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் இருப்பதால், வாயில் போன நூலை அதனால் துப்ப முடியாது. விழுங்கும், குடலில் சிக்கும். ஆனாலும் பூனைக்கென்று விற்கும் பொம்மைகள் பலவற்றுக்கு நூலும் ரிப்பனும் இறகும்தான் அலங்காரம். வாங்கும் மனிதரின் கண்ணைப் பார்த்துச் செய்த பொருள்கள் இவை.

விலங்குக்காக வடிவமைத்த பொருளின் வரலாற்றில் இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. முதலாவது சுரங்கத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறியக் கேனரிக் குருவியைக் கொண்டுபோகும் வழக்கம், ஜே.எஸ். ஹால்டேனின் ஆய்வுகளின் பின்னணியில் வந்து 1986 வரை நீடித்தது. அந்தக் குருவிக்கென்றே ஒரு கூண்டு செய்தார்கள். வட்டமான வாயிலில் கம்பிவலை. மேலே ஒரு சிறிய ஆக்சிஜன் உருளை. குருவி மயங்கி விழுந்ததும் வாயிலை மூடி ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். வேலைக்காகப் பயன்படுத்திய உயிரின் மூச்சுக்கும் இடம் வைத்த வடிவமைப்பு அது. கோலார் தங்கவயலின் முதன்மை ஆபத்து பாறைவெடிப்பு. ஆனாலும் சுரங்க ஊர்க்காரன் என்பதால் அந்தக் கூண்டைப் பற்றிப் படித்தது மனத்தில் தங்கிவிட்டது.

இரண்டாவது, அமெரிக்காவின் காங் ரப்பர் பொம்மை. 1970-களில் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம், கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்த தன் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஃபிரிட்ஸின் முன் பழைய வேன் உதிரிப்பாகங்களை எறிந்தார். நாய் ஒரு ரப்பர்ப் பாகத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. கடித்தால் மீளும், எறிந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாது. அந்த வடிவம்தான் பொம்மையாயிற்று. நாயே தேர்ந்தெடுத்த பொருள் அது. பெரும்பாணாற்றுப்படையின் தச்சச் சிறாரும் கொலராடோ நாயும் செய்த வேலை ஒன்றே.

தங்கவயலுக்கு ஒரு வேலை

சுரங்கம் மூடிய பிறகும் கோலார் தங்கவயலில் எஞ்சியிருப்பது என்ன? சயனைடுக் கழிவு மேடுகளும் அவற்றிலிருந்து காற்றில் பறக்கும் மணலும் என்றுதான் வெளியூர் எழுதும். சுரங்கப் பட்டறைகளில் டர்னர், ஃபிட்டர் வேலை பார்த்த குடும்பங்களின் கைத்திறனும் இருக்கிறது. 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலை இங்கே இன்றும் இயந்திரம் செய்கிறது. 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்களும் சேர்ந்து காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் நியூட்ரினோவை முதன்முதலில் பதிவு செய்த குழுக்களில் ஒன்றானது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில்தான். பாறைகளின் தாங்குதிறனை ஆராயும் தேசிய நிறுவனமும் இந்த ஊரில்தான் பிறந்தது. அளப்பதும் சோதிப்பதும் தங்கவயலுக்குப் புதிதல்ல. இன்றோ இங்குள்ள மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்கால ரயிலில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள்.

சென்னபட்டணத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் தஞ்சாவூருக்கும் பொதுவாக ஒரு விளையாட்டுப் பொருள் சோதனைக்கூடத்தைக் கர்நாடக அரசும் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் கோலார் தங்கவயலில் நிறுவ வேண்டும். கைவினைஞரிடம் கட்டணம் வாங்காமல் சாயமும் ஒட்டும் அங்கே சோதிக்கப்பட வேண்டும். அதே கூடத்தில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை அங்கன்வாடிப் பிள்ளைகள் மாதிரிப் பொம்மைகளோடு விளையாட வேண்டும். செய்த கைவினைஞர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். செல்லப்பிராணிகளுக்கு விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்குத் தனித் தரவிதி வர வேண்டும். அதைக் கால்நடை மருத்துவர்களோடு சேர்ந்து எழுத வேண்டும். அதுவரை பெற்றோரிடம் கேட்பது ஒன்றுண்டு: பொம்மையை வாங்கும் முன் அதன் காதையும் கண்ணையும் சக்கரத்தையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், பெயர்ந்து வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.